போர்க்காலப் பாலியல் வன்முறை: பெண்களின் வாக்குமூலத்தை எப்படி எழுதி வைப்பது?

தாழை எழுதியது:

வணக்கம். இலங்கையின் வன்னியில் கணவரை இழந்த பெண்களோடும் முன்னாள் போராளிப் பெண்களோடும் வேலை செய்கிற சிறிய குழு எங்களுடையது. சுழற்சிக் கடன், தையல், பிள்ளைகளின் படிப்பு, இவைதான் வழக்கமான வேலை. அண்மையில் சில பெண்கள் தாங்களாகவே வந்து, 2009இலும் அதற்குப் பின்னரும் படையினரால் தங்களுக்கு நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சிலருக்கு நடந்தது சோதனைச்சாவடியில், சிலருக்கு முகாமில், சிலருக்கு விசாரணைக்கென்று கூட்டிச் சென்ற இடத்தில். எல்லோரும் வழக்குப் போடக் கேட்கவில்லை. தங்கள் காலத்துக்குப் பிறகும் இது பதிவாக இருக்க வேண்டும் என்பதே பலரின் விருப்பம்.

எங்களில் சட்டம் படித்தவர் ஒருவரும் இல்லை. போனில் குரலைப் பதிவு செய்யலாமா, கையால் எழுத வேண்டுமா? சத்தியக்கடதாசி ஆக்க வேண்டுமா? இத்தனை வருடம் கழித்து உடம்பிலுள்ள தழும்புக்கு ஏதும் மதிப்பு உண்டா? வழக்குக்குக் காலக்கெடு இருக்கிறதா? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

(இடப்பெயர்களும் எண்ணிக்கையும் நீக்கித் திருத்தப்பட்டது.)


ஆவணம் எழுதியது:

வணக்கம் தாழை. இடப்பெயர்களை உடனே நீக்கியதற்கு நன்றி. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் இப்படி வேலை செய்கிற குழுக்களை விரல் விட்டு எண்ணலாம். குழு தெரிந்தால் அங்கு வருகிற பெண்களும் தெரிந்துவிடுவார்கள்.

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். முழு வாக்குமூலத்தை எடுக்க வேண்டியவர்கள் நீங்கள் அல்ல. உங்களைப் போன்ற குழு எடுக்க வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு மட்டும். எந்தக் காலம், எந்த இடம், எந்தப் படை, எவ்வகையான வன்முறை என்று ஒரு வரி, அதை முதலில் யாரிடம் சொன்னார், கையில் என்ன கடதாசிகள் இருக்கின்றன, அவருக்கு என்ன வேண்டும். இவ்வளவு போதும். உடலில் என்ன செய்தார்கள் என்ற விவரம் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம். அதைப் பயிற்சி பெற்ற ஒரு சட்டத்தரணியோ விசாரணையாளரோ ஒரே ஒரு தடவை முழுமையாக எடுக்க வேண்டும்.

காரணம் இரண்டு. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தப் பெண் மறுபடி அதற்குள் போய் வருகிறார். பிறகு இரவில் தனியாகக் கிடந்து தவிப்பவரும் அவரே. அடுத்தது, கையெழுத்திட்ட கூற்று இரண்டு இருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவரைப் பொய்யர் ஆக்கலாம். அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு வந்தது, பரணகம ஆணைக்குழு வந்தது, 2016இல் கலந்தாலோசனைச் செயலணி வந்தது, இடையில் தொண்டு நிறுவனங்களும் ஊடகங்களும் ஆய்வு மாணவர்களும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். சொன்னவர்களுக்குப் பதில் வரவில்லை. மோதல்காலப் பாலியல் வன்முறையை ஆவணப்படுத்துவதற்கான சர்வதேச நெறிமுறை 2014இல் வந்து 2017இல் விரிவாக்கப்பட்டது. 2022இல், பாதிக்கப்பட்டவர்களிடம் சாட்சியம் எடுப்பவர்களுக்கான முராத் கோவை வந்தது. இந்த இரண்டும் அழுத்திச் சொல்வது, தேவையில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்காதே என்பதைத்தான். ஆகவே முதல் கேள்வி, இதை இதற்கு முன் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்பதாக இருக்கட்டும். சொல்லியிருந்தால் அந்தப் பிரதியைத் தேடி எடுப்பதே முதல் வேலை.

சம்மதம் என்பது அடியில் ஒரு கையெழுத்து அல்ல. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பத்திரமாக வைத்திருக்க மட்டுமா, சட்டத்தரணிக்குக் காட்டலாமா, ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்துக்கு அனுப்பலாமா, உள்நாட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாமா, பெயரில்லாமல் அறிக்கையில் சேர்க்கலாமா, அவர் இறந்த பிறகு யாரிடம் கொடுக்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. உங்கள் பெண்கள் கேட்பதோ அதைத்தான். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதையும், வெளியே போய்விட்ட பிரதியை முழுவதுமாகத் திருப்பி எடுக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கடன், தையல் மெசின், வீட்டுத்திட்டம் எதுவும் இதோடு தொடர்புடையது அல்ல என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கடன் கொடுக்கிற குழு என்பதால் இது உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். கடன் பதிவேட்டைப் பார்க்கிறவரும் குறிப்பு எடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

இடத்தைப் பற்றி. அவருடைய வீடு சரிவராது. மாமியாரும் பிள்ளைகளும் அயலும் இருக்கும். தனியாக ஒரு கட்டடத்துக்குப் போய் வந்தாலும் ஊர் கவனிக்கும். வழக்கமாக நடக்கிற தையல் வகுப்பு நாளில், பக்கத்து அறையில், கதவை உள்ளே பூட்டாமல் சாத்தி வைத்துப் பேசுவது நல்லது. கதவுக்குப் பக்கத்தில் அவர் இருக்கட்டும், நீங்கள் உள்பக்கம் இருங்கள். எழுந்து போக நினைத்தால் உங்களைக் கடக்காமல் அவர் போக வேண்டும். தடுப்பில் இருந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. கேட்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், அதற்குமேல் ஆள் வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். நடந்ததில் தொடங்காமல் இடப்பெயர்வில் தொடங்குங்கள். முடிக்கும்போது இன்றைக்கு அவர் பார்க்கிற வேலை, பிள்ளைகள் என்று நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்த பிறகு அனுப்புங்கள். இரண்டு மூன்று நாளில் போய்ப் பாருங்கள். தூக்கம், சாப்பாடு எப்படி என்று மட்டும் கேளுங்கள். விஷயத்தைத் திரும்ப எடுக்காதீர்கள்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வி எதுவும் வேண்டாம். ஏன் கத்தவில்லை, ஏன் அப்போதே சொல்லவில்லை என்பவை குற்றம் சாட்டுகிற கேள்விகளாகத்தான் காதில் விழும்.

திகதி பெரும்பாலும் நினைவில் இருக்காது. மாதம் என்ன என்று வற்புறுத்தினால் ஏதாவது ஒரு மாதத்தைச் சொல்லிவிடுவார், அது பிறகு முரண்பாடாகும். அதற்குப் பதிலாக ஊருக்கே தெரிந்த நாட்களோடு சேர்த்துக் கேளுங்கள். 2009 தைப்பொங்கலுக்கு எங்கே இருந்தீர்கள்? கிளிநொச்சி விழுந்தது 2009 ஜனவரி 2. புதுமாத்தளனில் மண் அணை உடைந்து ஒரே நாளில் பெருந்தொகையாகச் சனம் வெளியே வந்தது ஏப்ரல் 20. முள்ளிவாய்க்கால் கடைசி மே 18. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பதிந்தது அதற்கு முன்பா பின்பா? செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கதிர்காமர் பகுதியா, இராமநாதன் பகுதியா, அருணாச்சலம் பகுதியா? முகாமிலிருந்து வெளியே போய்வர அனுமதி தொடங்கியது 2009 டிசம்பர் 1. நடந்தது அதற்கு முன்னரா? இப்படிக் கேட்டால் ஒரு மாத எல்லைக்குள் வந்துவிடலாம். குறிப்பில் "மண் அணை உடைந்த பிறகு, மே 18க்கு முன்" என்றே எழுதுங்கள். தெரியாத திகதியை நீங்கள் நிரப்ப வேண்டாம்.

அவர் பயன்படுத்திய சொல்லையும் மாற்றாதீர்கள். "பழுதாக்கிப்போட்டாங்கள்" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். சட்டச் சொல்லைப் பின்னால் சட்டத்தரணி போட்டுக்கொள்வார்.

படையினரின் படங்களைப் போனில் காட்டி இவரா என்று கேட்பதைத் தயவுசெய்து தவிருங்கள். பேஸ்புக்கில் தேடிக் காட்டுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. பின்னர் நீதவான் முன் அடையாள அணிவகுப்பு நடந்தால், ஏற்கெனவே படம் பார்த்தவர் காட்டும் அடையாளத்துக்கு மதிப்பே இருக்காது. சீருடையின் நிறம், தொப்பி, தோளிலோ கையிலோ இருந்த அடையாளம், பேசிய மொழி, ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டார்கள், வாகனம், கட்டடத்தின் சுவர், கூரை, அங்கிருந்து கேட்ட சத்தம், இவற்றைக் கேளுங்கள். வன்முறையின் விவரத்தைவிட இவைதான் எந்தப் படைப்பிரிவு என்பதைப் பின்னால் கண்டுபிடிக்க உதவும்.

பெயரை ஒரு கடதாசியிலும் குறிப்பை இன்னொரு கடதாசியிலும் எழுதி, இரண்டையும் ஒரு குறியீட்டு இலக்கத்தால் மட்டும் இணையுங்கள். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது. இலக்கத்தில் ஊர்ப்பெயரின் முதலெழுத்தோ பிறந்த ஆண்டோ வேண்டாம். குரல் பதிவு இந்தக் கட்டத்தில் தேவையில்லை, குரலே அடையாளம். போனில் படம் எடுத்தால் இட விவரமும் அதற்குள் பதிந்துவிடும், வாட்ஸ்அப்பில் போட்டால் எத்தனை போன்களில் போய்த் தங்கும் என்று சொல்ல முடியாது. கணினியில் வைக்க வேண்டி வந்தால் வெராகிரிப்ட் போன்ற குறியாக்க மென்பொருளால் பூட்டிய கோப்பில் வையுங்கள், கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும்.


வழக்குரை எழுதியது:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். காலக்கெடுவில் தொடங்குகிறேன், பலருக்குத் தெரியாத விஷயம் அது.

இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 456ஆம் பிரிவின்படி, கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் காலவரையறை கிடையாது. வேறு குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை குற்றம் நடந்த நாளிலிருந்து 20 ஆண்டுகளில் முடிகிறது. 2009 மே மாதம் நடந்த பாலியல் வல்லுறவுக்கு 2029 மே மாதம்வரைதான். 1987இலிருந்து 1990 வரை இந்தியப் படை இருந்த காலத்திலும், 1995-96இல் யாழ்ப்பாணம் மீளப் பிடிக்கப்பட்ட பின்னரும் நடந்தவை உள்நாட்டுச் சட்டத்தில் இந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அந்தப் பெண் கொல்லப்பட்டிருந்தால் மட்டும் வழி திறந்திருக்கிறது. போர்க்குற்றத்துக்குக் காலக்கெடு இல்லை என்று சர்வதேசச் சட்டம் சொன்னாலும், இலங்கைத் தண்டனைச் சட்டத்தில் போர்க்குற்றம் என்ற குற்றமே எழுதப்படவில்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்திலும் இலங்கை சேரவில்லை. அதனால் இங்கே ஒவ்வொரு சம்பவமும் தனித்தனிச் சாதாரணக் குற்றமாகத்தான் பார்க்கப்படும். உத்தரவிட்ட மேலதிகாரியைப் பிடிப்பது இதனால் மிகக் கடினம்.

பொலிஸில் முறைப்பாடு பதிந்தால் கடிகாரம் நின்றுவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சட்டம் பேசுவது வழக்குத் தொடர்வதைப் பற்றி. முறைப்பாட்டுக்கும் நீதவான் நீதிமன்றத்தில் விஷயம் ஏறுவதற்கும் இடையில் ஆண்டுகள் ஓடலாம். வழக்குக்குப் போக விரும்புகிற பெண் உங்கள் குழுவில் இருந்தால் அவரை இந்த வருடமே ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிச் செல்லுங்கள்.

அடிப்படை உரிமை மீறல் மனு வேறு விஷயம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. 2009 சம்பவங்களுக்கு இது பயன்படாது. இன்று ஒருவரை விசாரணைக்கென்று அழைத்துத் துன்புறுத்தினால் இந்த ஒரு மாதக் கணக்கு மிக முக்கியம்.

தண்டனைச் சட்டக்கோவையில் நமக்குச் சாதகமானவையும் இருக்கின்றன. 1995 திருத்தத்துக்குப் பிறகு 363ஆம் பிரிவு, ஒரு பெண் சட்டப்படியோ சட்டவிரோதமாகவோ தடுத்து வைக்கப்பட்டிருந்தால் அவர் சம்மதித்தார் என்று சொல்லித் தப்ப முடியாது என்கிறது. முகாமிலும் தடுப்பிலும் நடந்தவற்றுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அதனால் அப்போது அவர் தடுப்பில் இருந்தார் என்பதை நிரூபிக்கிற கடதாசிதான் வழக்கின் முதுகெலும்பு. புனர்வாழ்வு விடுவிப்புச் சான்றிதழ், செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த தடுப்புச் சான்று, முகாம் பதிவு அட்டை, தடுப்புக் கட்டளையின் பிரதி, இவற்றைத் தேடுங்கள். உடலில் காயம் இருக்க வேண்டியதில்லை, எதிர்த்துப் போராடியதற்கான அடையாளம் அவசியமில்லை என்றும் அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அரச அலுவலர் தன் காவலில் இருந்த பெண்ணுக்குச் செய்தால் 364(2)இன் கீழ் 10 முதல் 20 ஆண்டுகள். இதோடு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடைச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் 7 முதல் 10 ஆண்டுகள்.

ஆவணம் சொன்ன "முதலில் யாரிடம் சொன்னார்" என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. சம்பவத்தை ஒட்டிய காலத்தில் தாயிடமோ சகோதரியிடமோ கூட இருந்த இன்னொரு பெண்ணிடமோ தாதியிடமோ சொல்லியிருந்தால், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 157ஆம் பிரிவின் கீழ் அது அவருடைய சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும். ஆனால் அந்த நபரிடம் போய்ப் பேசுவதற்கு முன் இவருடைய அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் தாயிடம் போய்க் கேட்டு, அதுவரை தெரியாத விவரங்களைத் தாய்க்குத் தெரிய வைத்துக் குடும்பத்தைக் குலைத்துவிடக் கூடாது.

சத்தியக்கடதாசி அவசரப்பட்டு வேண்டாம். ஊர்ச் சமாதான நீதவானிடம் போனால் ஊருக்குத் தெரியும் என்பது ஒன்று. சத்தியம் செய்த ஆவணத்தில் ஒரு சிறு பிழை இருந்தாலும் அது கடைசிவரை துரத்தும் என்பது மற்றது. பொலிஸில் சொல்ல நேர்ந்தால் தமிழில் எழுதும்படி கேளுங்கள், அது உரிமை. வாசித்துக் காட்டாமல் சிங்களத்தில் எழுதிய கூற்றில் கையெழுத்திட வேண்டாம். பொலிஸ் கூற்றைப் பின்னர் நீதிமன்றத்தில் அவருடைய சாட்சியத்தோடு முரண்பாடு காட்டப் பயன்படுத்துவார்கள்.

இரண்டு வழக்குகளைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. 1996 செப்டம்பர் 7இல் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாணவி கிருஷாந்தியைச் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறித்து, வல்லுறவு செய்து கொன்றார்கள். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் மூவரையும் கொன்றார்கள். சோதனைச்சாவடியில் அவரைக் கண்ட சாட்சிகள் இருந்ததும், சில வாரங்களிலேயே உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டதும், வெளியே பெரும் அழுத்தம் எழுந்ததும் சேர்ந்துதான் கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன் விசாரணை நடந்து 1998 ஜூலையில் படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்தது விசுவமடு. 2010இல் மீள்குடியேறிய பெண்ணுக்கு நடந்த கூட்டு வல்லுறவு. 2015இல் யாழ் மேல் நீதிமன்றம் நான்கு படையினருக்குத் தண்டனை கொடுத்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடனடியாக முறைப்பாடு செய்த பெண்ணுக்கே ஒன்பது ஆண்டுகள் கழித்து இந்த நிலை என்றால், வழக்கு என்ற சொல்லை உங்கள் பெண்களிடம் எவ்வளவு கவனமாகச் சொல்ல வேண்டும் என்று யோசியுங்கள். நீதி கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வழியில் என்னென்ன வரும் என்று உண்மையாகச் சொன்ன பிறகு அவர் முடிவெடுக்கட்டும்.


தாழை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு பக்கக் குறிப்போடு நிற்போம். இன்னும் ஒரு சந்தேகம். சிலருக்கு சிகரெட் சுட்ட தழும்பு இருக்கிறது, சிலருக்கு உடலில் ஒன்றுமே இல்லை. இல்லாதவர்கள் தங்களை யாரும் நம்பமாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். சிலர் சொல்வது முன்னுக்குப் பின்னாக இருக்கிறது.


வைத்தியர்_வடக்கு எழுதியது:

தழும்பு இல்லாமல் இருப்பதுதான் வழமை. பாலியல் வல்லுறவினால் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் ஆறிவிடும். பலருக்கு முதலிலேயே காயம் இருக்காது. அதனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு உள்ளுறுப்புப் பரிசோதனை செய்வதில் பெரும்பாலும் பயன் இல்லை, வேதனை மட்டும்தான் மிச்சம். யாராவது அதற்கு வற்புறுத்தினால் மறுக்கலாம் என்று பெண்களுக்குச் சொல்லி வையுங்கள்.

தழும்பு இருப்பவர்களுக்கு சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறைப்படி பரிசோதித்து எழுதும் வைத்தியர் வேண்டும். 1999இல் வந்து 2022இல் திருத்தப்பட்ட நெறிமுறை அது. ஒவ்வொரு தழும்பும் உடலில் எங்கே, எத்தனை மில்லிமீற்றர், வடிவம், நிறம், மேடா பள்ளமா என்று உடல் வரைபடத்தில் குறிப்பார்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துத் தூரத்திலிருந்து ஒரு படம், கிட்ட ஒரு படம் எடுப்பார்கள். பிறகு, சொல்லப்பட்ட காரணத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்து படிகளில் ஒன்றைச் சொல்வார்கள்: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அந்தக் காரணத்துக்கே வழமையாக வரும் வகை, வேறு காரணத்தால் வரவே முடியாதது. சிகரெட் சுட்ட தழும்பு 5 முதல் 10 மில்லிமீற்றர் வட்டமாக அல்லது நீள்வட்டமாக இருக்கும், நடுவில் வெளிறியோ கறுத்தோ, ஓரம் தெளிவில்லாமல் கறுத்திருக்கும். ஒரு தழும்பைவிட, ஒரே இடத்தில் கூட்டமாக, சொந்தக் கைக்கு எட்டாத பகுதியில் இருக்கும் தழும்புகள் அதிகம் பேசும். ஷெல் காயம், விறகடுப்புச் சூடு, சின்ன வயதுக் காயம் எல்லாவற்றையும் அவர் மறைக்காமல் சொல்லட்டும். சித்திரவதையால் வராத தழும்புகளைத் தனியே பிரித்துக் காட்டினால்தான் மற்றவற்றுக்கு நம்பகத்தன்மை வரும்.

படத்தை நீங்கள் போனில் எடுக்காதீர்கள். அளவுகோல் இல்லாத, வெளிச்சம் சரியில்லாத படம் பின்னால் தொல்லைதான்.

முன்னுக்குப் பின்னாகச் சொல்வது பொய்யின் அடையாளம் அல்ல. உயிர்ப்பயத்தில் மனம் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைப்பதில்லை. ஒரு மணமோ ஒரு சத்தமோ துல்லியமாக நிற்கும், எந்த நாள் என்பதும் எத்தனை பேர் என்பதும் கலங்கும். அதனால் ஒழுங்குபடுத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள், பேச்சு நின்ற இடத்தில் நின்றது என்று குறியுங்கள். தலை விறைப்பு, நெஞ்சு பதறுதல், உடம்பு எரிவு, அடிவயிற்று நோ என்று வருடக்கணக்காகக் கிளினிக் போயிருப்பார்கள். அந்தக் கிளினிக் கொப்பிகளையும் வைத்தியசாலைத் துண்டுகளையும் எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். காரணம் அதில் எழுதப்படாவிட்டாலும் எந்த ஆண்டிலிருந்து தூக்கம் இல்லை என்பது அதில் இருக்கும். உளநல அறிக்கைக்கு அது பெரிய ஆதாரம்.

பேசும்போது ஒருவர் பார்வை நிலைகுத்தி, கூப்பிட்டால் பதில் வராமல் போனால் நிறுத்திவிடுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன நாள், எந்த இடம் என்று சொல்லி, தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். கையைத் தொடுவதானால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவும், வன்முறைக்குள்ளான பெண்களுக்கான நட்பு நிலையமும் பல இடங்களில் இருக்கின்றன. சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். குறிப்பு எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே அங்கே ஒருவரோடு பேசி வையுங்கள். அனுப்ப இடம் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இன்று புதிதாக நடக்கும் சம்பவத்துக்கு இது எதுவும் பொருந்தாது. அப்போது குளிக்காமல், உடுப்பைக் கழுவாமல், கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பொலிஸுக்குப் போன பிறகுதான் வர வேண்டும் என்றில்லை. விடுதியில் அனுமதித்துச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முந்தினாலும் நல்லது. கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் அப்படித்தான். பெண்களுக்கான அரச தொலைபேசி உதவி இலக்கம் 1938.


புலம் எழுதியது:

இவ்வளவு பயந்து பயந்து செய்தால் உலகம் எப்படி நம்பும்? ஜெனீவா அமர்வுக்கு முன் இரண்டு மூன்று பெண்களாவது முகம் காட்டிக் காணொளியில் பேசினால்தான் அசைவு வரும். பெயரில்லாத அறிக்கைகளை அரசாங்கம் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறது.


வழக்குரை எழுதியது:

புலம், உங்கள் வேகம் புரிகிறது. ஆனால் அந்தக் காணொளியின் விலையைக் கொடுப்பது நீங்கள் அல்ல. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அவருடைய எழுத்து அனுமதியில்லாமல் அடையாளம் காட்டி வெளியிடுவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 365இ பிரிவில் தனிக் குற்றம். காணொளியில் சொன்னது முந்திய கூற்றாகிவிடும். உணர்ச்சியில் வந்த ஒரு சொல்லும் குறுக்கு விசாரணையில் திரும்ப வரும். அவருக்கு வளர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள், மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் முகத்தோடு பேச விரும்பினால் அது அவர் உரிமை. ஆனால் சட்டத்தரணியோடும் வீட்டாரோடும் பேசி, பாதுகாப்புத் திட்டம் ஒன்றைப் போட்ட பிறகு அவரே கேட்க வேண்டும்.

பெயரில்லாத அறிக்கைகள் வீண் போகவில்லை. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2013இல் வெளியிட்ட அறிக்கை 75 பேரின் சாட்சியங்களை வைத்தது. அவர்களில் 41 பெண்கள், 31 ஆண்கள், 3 சிறுவர்கள். ஆண்களுக்கும் இது நடந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் 2015 செப்டம்பர் விசாரணை அறிக்கையும் பெயர்களை மறைத்துத்தான் எழுதப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2021இல் 46/1 தீர்மானத்தின் வழியே, ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க அதே அலுவலகத்தில் ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. பின்வந்த தீர்மானங்கள் அதை நீட்டித்தன. தாழையின் பெண்கள் கேட்கிற "எங்களுக்குப் பிறகும் இருக்க வேண்டும்" என்பதற்கு மிகப் பொருத்தமான இடம் அதுதான். அது நீதிமன்றம் அல்ல, தண்டனை கொடுக்காது. எங்கே நடந்த பெருங்குற்றத்தையும் விசாரிக்க இடம் தரும் உலகளாவிய நியாயாதிக்கத்தில் வேறொரு நாடு வழக்குத் தொடுத்தால், பெண்ணின் சம்மதம் இருந்தால் மட்டும், அங்கு இருப்பது பயன்படும். ஒரே பெண்ணின் குறிப்பை நாலு அமைப்புகளுக்கு அனுப்பாதீர்கள்.

பிரித்தானியாவில் தஞ்சம் கோருவோருக்கான வாக்குமூலம் வேறு வகை. அங்கே 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு இலங்கைத் தமிழரின் தழும்புகள் பற்றிய வழக்கில், காயம் எப்படி ஏற்பட்டது என்று அவர் சொல்வதோடு பொருந்துகிறதா என வைத்தியர் கருத்துச் சொல்லலாம் என்று உறுதிப்படுத்தியது. வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அது உதவலாம், ஊரிலுள்ளவர்களின் குறிப்பை அதற்கென்று கொடுத்துவிட வேண்டாம்.

இன்னொன்று. வீட்டுத்திட்டத்துக்கும் கொடுப்பனவுக்கும் கையெழுத்துப் போட உடல் கேட்கிற அலுவலர்கள் பற்றிப் பெண்கள் சொல்வார்கள். அதைப் போர்க்காலக் குறிப்போடு கலக்காதீர்கள். பாலியல் லஞ்சம் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டத்தில் குற்றம். அதை லஞ்ச ஆணைக்குழுவுக்கு இன்றே கொண்டு போகலாம்.


தாழை எழுதியது:

கடைசியாக ஒன்று. சிஐடி என்று சொல்லிக்கொண்டு வந்து எங்கள் கூட்டங்களுக்கு வருபவர்களின் பட்டியலைக் கேட்பது வழக்கம். அப்போது என்ன செய்வது?


வழக்குரை எழுதியது:

கடன், தையல் பதிவேடு மட்டும் அலுவலகத்தில் இருக்கட்டும். இந்தக் குறிப்புகளோ பெயர்ப் பட்டியலோ அங்கே ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் பிடியாணையோ தேடுதல் ஆணையோ இல்லாமலே உள்ளே வந்து தேட வழியிருக்கிறது. ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று நினைத்து வைத்திருக்காதீர்கள்.

வருபவரிடம் பெயர், பதவி, நிலையம், அடையாள அட்டை கேளுங்கள். பட்டியலை எழுத்தில் கேட்கும்படியும், சட்டத்தரணியோடு பேசிப் பதில் தருவதாகவும் சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டாம், விவாதம் வேண்டாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும். போனதும் திகதி, நேரம், வாகன இலக்கம், கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் எழுதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அல்லது வவுனியா அலுவலகத்தில் ஒரு மாதம் கடக்கும் முன் முறைப்பாடு செய்து, பதிவு இலக்கத்தை வாங்கி வையுங்கள். அப்படி ஒருமுறை வந்தாலும், குறிப்பு எடுப்பதைச் சிறிது காலம் நிறுத்தி, ஏற்கெனவே சொன்ன ஒவ்வொரு பெண்ணிடமும் போய் விஷயத்தைச் சொல்லி, தொடர்வதா என்று மறுபடி கேளுங்கள். அன்றைக்குக் கொடுத்த சம்மதம் அன்றைய நிலைமைக்கு.

உங்கள் மாவட்டத்தில் இந்த வேலை செய்கிற சட்டத்தரணிகள் பற்றித் தனிமடலில் எழுதுகிறேன். இங்கே பெயர் போட வேண்டாம்.